வண்டிக்காரர் கண்ட வழி

சர்வாதிகாரி ஒருவன் அண்டை நாட்டின் மீது பாய்கிறான். பணிந்து போவதா, படையெடுப்பதா? இந்த இரண்டைத் தவிர வேறு வழியில்லை என்று பேசும் மேதாவிகள் உண்டு. வேறு வழியை வற்புறுத்தியவர் பல்கலைக்கழகத்தின் பக்கமே போகாதவர். பதினொரு வயதில் பள்ளியை விட்ட வண்டிக்காரர்! எர்னஸ்ட் பெவின் அவர் பெயர்.

1881-ல் இங்கிலாந்தில், சோமர்செட் வட்டாரத்துச் சிற்றூரில் பிறந்தார். தகப்பன் முகம் அறியாதவர். எட்டு வயதில் தாயையும் இழந்தார். பண்ணை வேலை, பிறகு பிரிஸ்டல் நகரில் குதிரை வண்டி ஓட்டும் வேலை. அங்கிருந்துதான் துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

1920-ல் துறைமுகக் கூலி பற்றி விசாரணை மன்றம் அமர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு உணவு போதும் என்று முதலாளிகள் தரப்பில் பேராசிரியர் பௌலி கணக்குக் கொடுத்தார். பெவின் என்ன செய்தார்? வாதத்தோடு நிற்கவில்லை. அந்தக் கணக்குப்படியே பொருள் வாங்கி, சமைத்து, ஐந்து தட்டுகளில் பங்கிட்டு மன்றத்தின் முன் வைத்தார். நாள் முழுதும் மூட்டை சுமப்பவனுக்கு இதுவா சாப்பாடு? தட்டைப் பார்த்தபின் விளக்கம் எதற்கு! நாளொன்றுக்கு 16 ஷில்லிங் என்று மன்றம் பரிந்துரைத்தது. 1922-ல், சிதறிக் கிடந்த பல சங்கங்களை ஒன்றாக்கிப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் மாபெரும் சங்கத்தை அமைத்தார்.

1933 மே 2-ல் ஹிட்லரின் ஆட்கள் ஜெர்மன் தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றி, தலைவர்களைச் சிறைக்கு இழுத்துச் சென்றனர். சர்வாதிகாரத்தின் முதல் அடி யார் தலையில் விழும் என்பதில் பெவினுக்கு அதன்பின் ஐயமே இல்லை.

1935-ல் முசோலினி, அன்று அபிசீனியா எனப்பட்ட எத்தியோப்பியாவைப் பிடிக்கப் படை திரட்டினான். சர்வதேச சங்கத்து நாடுகள் சேர்ந்து அவனோடு வாணிபத்தை நிறுத்த வேண்டும் என்றார் பெவின். தொழிற்கட்சித் தலைவர் லான்ஸ்பரி, எந்த வடிவிலும் பலாத்காரம் கூடாதெனும் தூயவர். பிரைட்டன் மாநாட்டில் அவரைப் பெவின் தாக்கிய தாக்கில் இரக்கமே இல்லை. முதியவரிடம் இன்னும் பண்போடு பேசியிருக்கலாம். ஆனால் தீர்மானம் பெருவாரியாக வென்றது. சில நாட்களில் லான்ஸ்பரி விலகினார்.

சர்வதேச சங்கமும் தடை விதித்தது. எப்படிப்பட்ட தடை? டாங்கிகளுக்கும் விமானங்களுக்கும் வேண்டிய எண்ணெயை விட்டுவிட்டுத் தடை! சூயஸ் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்குத் திறந்தே கிடந்தது. முன்வாசலில் மறியல், பின்வாசலில் கருங்காலிகள்! 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது.

போர்க்காலத்தில் தொழிலாளர் அமைச்சராக இருந்த பெவின், 1945-ல் வெளிநாட்டு அமைச்சரானார். பாலஸ்தீனத்தில் அவர் கண்டது தோல்வியே. இரு தரப்பின் வெறுப்பையும் சம்பாதித்தார். பெர்லினில் கதை வேறு.

1948 ஜூனில் ஸ்டாலின், மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், கால்வாய் அனைத்தையும் அடைத்தார். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். கையிருப்போ சில வாரங்களுக்கு. படைத்துணையோடு லாரிகளை அனுப்பி வழியைத் திறக்கலாம் என்றார் அமெரிக்கத் தளபதி கிளே. நகரை விட்டுவிடலாம் என்றும் சிலர் எண்ணினர். பெவின் இரண்டையும் ஏற்கவில்லை. வானவழியே கொண்டுபோவோம் என்பதில் உறுதியாக நின்றார்; கூடவே, அமெரிக்கக் குண்டு வீச்சு விமானங்கள் பிரிட்டனில் வந்து நிற்கவும் இசைந்தார். சுடவில்லை, ஆனால் கை வெறுங்கையுமல்ல.

விமானங்கள் சுமந்ததில் பெரும்பகுதி கரி. மாவும் உருளைக்கிழங்கும்கூடப் பறந்தன. மொத்தம் சுமார் 23 லட்சம் டன்! தடுக்க வேண்டுமானால் ஸ்டாலின்தான் முதல் குண்டைச் சுட வேண்டும், அவர் சுடவில்லை. 1949 ஏப்ரலில் பன்னிரண்டு நாடுகள் நேட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டனுக்காகக் கையெழுத்திட்டவர் பெவின். மே 12-ல் தடைக் கம்பங்கள் உயர்ந்தன; லாரிகள் பெர்லினுக்குள் நுழைந்தன.