பின் சக்கரத்தை அடக்கும் வித்தை!
இளைஞர்களுக்குப் பந்தயக் கார் தந்த கோவை கரிவரதன்

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. அங்கே ஒரு நெசவாளியைக் கேட்டுப் பாருங்கள். குழித்தறியில் கண் பட்டின் மேல் இருக்கும். வேலையைப் பாதி நடத்துவது கால்தான். மிதியை அழுத்தும் பதம் தெரிய வேண்டும். பழகிய தறியை விட்டுப் புதுத் தறியில் உட்கார்ந்தால், கைதேர்ந்தவருக்கும் சில நாள் தடுமாற்றம்தான்.

மோட்டார் பந்தயத்திலும் இதே கதைதான். அந்தத் தடுமாற்றத்தைத் தாண்ட, நம் நாட்டு இளைஞர்களுக்கு வழி செய்தவர் ஒருவர் உண்டு. காஞ்சி வரதராஜப் பெருமாளை நினைவூட்டும் பெயர் அவருக்கு. அவர்தான் கோவை எஸ். கரிவரதன்!

ஆலைக் குடும்பத்துப் பிள்ளை

கரிவரதன் 1954-ல் பிறந்தார். கோவை லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். நூலிலும் துணியிலும் செழித்த வீடு. ஆனால் அவர் மனம் என்ஜினிலேயே சுற்றியது.

சென்னைக்கு அருகே சோழவரத்தில் ஒரு பழைய விமான ஓடுபாதை. இரண்டாம் உலக யுத்த காலத்தது. அங்கே மோட்டார் பந்தயங்கள் நடந்து வந்தன. கரிவரதன் அங்கே கார் ஓட்டினார். ஓட்டியதோடு நிற்கவில்லை. காரைப் பிரித்தார்; மாற்றினார்; தாமே கட்டினார்.

அவரை ஒரு கவலை அரித்தது. பந்தயக் கார் பணக்காரர் பொருளாக இருந்தது. வெளிநாட்டுக் கார் வாங்க முடியாத இளைஞன் எங்கே பழகுவான்?

முன்னது பின்னாயிற்று!

1983-ல் மாருதி 800 கார் வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும்.

கரிவரதன் அந்த என்ஜினை எடுத்தார். ஒருவர் மட்டும் உட்காரும் சிறு பந்தயக் காரில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். இப்போது வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள்! 1988-ல் பிறந்த இந்தக் காருக்கு 'ஃபார்முலா மாருதி' என்று பெயர்.

வீட்டுக் காரில் பழகியவருக்கு இது புது உலகம். முன் சக்கரம் இழுக்கும் காரில், திருப்பத்தில் வேகம் மிஞ்சினால் மூக்கு வெளியே ஓடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் வழிக்கு வந்துவிடும்.

பின் சக்கரம் தள்ளும் கார் அப்படி அல்ல. திருப்பத்தில் காலை அதிகம் அழுத்தினால் வால் வழுக்கும். பயந்து காலைச் சட்டென்று எடுத்தாலோ, பாரம் முன்னே சாயும். பின் சக்கரத்தின் பிடி இன்னும் குறையும். கார் பம்பரமாய்ச் சுழலும்! வால் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். காலை மெள்ள மெள்ளத் தளர்த்த வேண்டும். பழைய பழக்கத்தை மறப்பதே முதல் பாடம்.

பெரிய காரில் இந்தத் தவறு உயிரையே குடிக்கலாம். என்ஜின் சிறிதாக இருந்தால், தவறு செய்து திருந்த இடம் உண்டு. ஃபார்முலா மாருதியின் பெருமை அதுதான்.

பழகியவர் புகழ் பெற்றார்

காஞ்சியிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டையைப் பார்த்திருப்பார்கள். அங்குள்ள பந்தயத் திடல் 1990-ல் திறக்கப்பட்டது. கோவைச் சிறுவன் ஒருவன் அந்தத் திடலில் ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் பந்தய வாழ்வைத் தொடங்கினான். அவர்தான் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் உலகப் புகழ் பெற்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர்!

அதைக் காணக் கரிவரதனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995 ஆகஸ்டில் சிறு விமானம் ஒன்று விழுந்து அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 41 தான்.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே புதுக் காரில் உட்காரும் ஒவ்வொரு இளைஞனும், பிள்ளையார்பாளையத்து நெசவாளியைப் போலவே, முதலில் தன் காலுக்குத்தான் பாடம் சொல்ல வேண்டும்.