மருத்துவர் கோனிக்

கறிவேப்பிலையை அறியாத தமிழர் இலர். அதன் அறிவியற் பெயரில் மருத்துவர் ஒருவரின் பெயர் நிலைபெற்றுள்ளது. அவரே யோகான் கோனிக் என்பார்.

இன்றைய லாட்வியா நாட்டில் 1728 ஆம் ஆண்டு பிறந்த இவர், உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1768 ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து, ஆங்கிருந்த சமயப் பணியாளர்க்கு மருத்துவரானார். செடிகொடிகளைத் தேடித் திரிந்த அவர், பிறர் மிதித்துச் செல்லும் காளானையும் இகழ்ந்திலர்.

நம் நாட்டுக் கறையான் புற்றுகளிலும் வறண்ட நிலத்திலும் உலக்கை போன்ற காளான் ஒன்று முளைக்கும். அதன் தலை குடைபோல் விரியாது. வித்துத்தூள் மூடிய தலையினுள்ளேயே விளையும். கோனிக் இந்தியாவிலிருந்து அனுப்பிய இக்காளானுக்கு லின்னேயஸ் 1771 ஆம் ஆண்டு பெயரிட்டார். மூடிய தலையைக் கண்டு, தூள் நிறைந்த உருண்டைக் காளான்களோடு சேர்த்தார். பின்வந்தோர் அதனைப் போடாக்சிஸ் என்னும் தனிப் பேரினமாக்கினர். அது குடைக்காளான்களுக்கே நெருங்கிய உறவு என்பதை இக்கால மரபணு ஆய்வு காட்டியது. தோற்றம் ஒன்று, உறவு வேறு.

கோனிக் 1774 ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 இல் கிழக்கிந்தியக் கும்பினியிடமும் பணியேற்றார். 1779 இல் கறையான்களைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். 1785 இல் காக்கிநாடாவிற்கு அருகே நோயுற்று மாண்டார். அச்சேறாத தம் குறிப்புகள் அழிந்துபோகாவண்ணம் அவற்றை இலண்டன் அறிஞர் சோசப் பாங்ஸுக்கு உரிமையாக்கினார்.

எளியதென்று எதனையும் தள்ளாத கண்ணே அறிவிற்கு வாயிலாகும்.