கண்ணாடி துடைக்கும் கருவி தந்த பெண்மணி

மழை நாளில் மோட்டாரில் போயிருக்கிறீர்களா? டிரைவர் ஒரு விசையைத் தட்டுகிறார். முன் கண்ணாடியின் மேல் ரப்பர் பட்டை இங்கும் அங்கும் ஆடுகிறது. தண்ணீர் விலகுகிறது, பாதை பளிச்சென்று தெரிகிறது. இதை நாம் ஒரு பெரிய விஷயமாக நினைப்பதில்லை. ஆனால் இந்தச் சிறு கருவி இல்லாமல் மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தப் பாட்டைக் கண்டு மனம் இரங்கி, அதற்கு வழி தேடியவர் ஒரு பெண். அவர் பெயர் மேரி ஆண்டர்சன்.

அமெரிக்காவின் தென் பகுதியில் அலபாமா என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே கிரீன் என்ற ஜில்லாவில், ஒரு பண்ணையில், 1866-ம் வருஷம் மேரி பிறந்தார். அவருக்கு நாலு வயது இருக்கும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து வந்த வருமானத்தில் தாயாரும் பெண் குழந்தைகளும் காலம் தள்ளினார்கள்.

1889-ல் குடும்பம் பர்மிங்காம் நகரத்துக்குக் குடி வந்தது. அங்கே மேரி வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு பெரிய கட்டடத்தைக் கட்டினார். அந்தக் காலத்தில் பெண்கள் இம்மாதிரித் தொழிலில் இறங்குவது அபூர்வம். பிறகு 1893-ல் கலிபோர்னியாவுக்குப் போனார். பிரெஸ்னோ என்ற ஊரில் மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் வைத்து நடத்தினார். 1898-ல் பர்மிங்காமுக்கே திரும்பி வந்தார். அவர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. தம் காலிலேயே நின்றார்.

டிராம் வண்டியில் கண்ட காட்சி

1902-ம் வருஷம் முடிந்து 1903 பிறக்கும் குளிர்காலம். மேரி நியூயார்க் நகரத்தைப் பார்க்கப் போயிருந்தார். வானத்திலிருந்து பனியும் மழையும் கலந்து கொட்டிக் கொண்டிருந்தது. அவர் ஒரு டிராம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முன் கண்ணாடியில் பனி அப்பிக் கொண்டு பாதையை மறைத்தது. வண்டி ஓட்டுகிறவர் என்ன செய்வார், பாவம்! கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக் கொண்டுதான் வண்டியை ஓட்டினார். குளிர் காற்று முகத்தில் அறைந்தது. உள்ளே இருந்த ஜனங்களும் நடுங்கினார்கள்.

இப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். மேரி அப்படி இருக்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே வெளிப்பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்க ஒரு வழி இருக்கக் கூடாதா என்று யோசித்தார்.

ஊர் திரும்பியதும் படம் வரைந்தார். உள்ளூர்க் கம்பெனி ஒன்றில் மாதிரி செய்வித்தார். அவர் அமைத்த கருவி மிகவும் எளியது. வண்டிக்குள் ஒரு கைப்பிடி. வெளியே ரப்பர் பட்டை பொருத்திய ஒரு கை. உள்ளே பிடியைத் திருப்பினால் வெளியே பட்டை கண்ணாடியின் மேல் தவழ்ந்து பனியையும் மழையையும் துடைக்கும். பட்டை கண்ணாடியோடு நன்றாக ஒட்டி நகரும்படி ஏற்பாடு செய்திருந்தார். மழைக்காலம் முடிந்தால் கருவியைக் கழற்றி வைத்து விடலாம்.

1903 ஜூன் மாதம் சர்க்காரிடம் விண்ணப்பம் போட்டார். அதே வருஷம் நவம்பர் 10-ம் தேதி காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 7,43,801. பதினேழு வருஷத்துக்கு அந்த உரிமை அவருடையது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

உரிமை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1905-ல் கானடாவில் உள்ள ஒரு கம்பெனிக்குத் தம் உரிமையை விற்கப் பார்த்தார். இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று அந்தக் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. கண்ணாடியில் பட்டை ஆடினால் டிரைவரின் கவனம் கலைந்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. அப்போது மோட்டார் கார்களே மிகவும் குறைவு. போர்டு கம்பெனியின் புகழ்பெற்ற டி மாடல் கார்கூட 1908-ல்தான் வந்தது.

1920-ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. அதற்குள் கார்கள் பெருகிவிட்டன. 1922-ல் காடிலாக் கம்பெனி தன் எல்லாக் கார்களிலும் துடைப்பானைப் பொருத்தத் தொடங்கியது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். மேரிக்கோ ஒரு காசுகூட வரவில்லை. அவர் தம் கட்டட வாடகையைக் கவனித்துக் கொண்டு கௌரவமாக வாழ்ந்தார். 1953 ஜூன் 27-ம் தேதி, 87-வது வயதில் காலமானார். 2011-ம் வருஷம் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இன்று நாம் கவனிக்க வேண்டியது

மேரி அம்மையாரின் பட்டை மழையைத் துடைக்கும். சேறும் பூச்சியும் எண்ணெய்ப் பசையும் ஒட்டினால் பட்டை மட்டும் போதாது. ஆகவே, பின்னால் கண்ணாடியில் நீர் பீச்சும் ஏற்பாடு வந்தது. காய்ந்த தூசியின் மேல் பட்டையை ஓட்டினால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் நீர் பீச்ச வேண்டும். பிறகுதான் துடைக்க வேண்டும்.

அந்தத் தொட்டியில் எதை ஊற்றுவது? உப்புத் தண்ணீர் ஊற்றினால் கறை படியும். பீச்சும் துளையும் அடைபடும். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசல் நுரை கட்டும். இதற்கென்று கடையில் விற்கும் திரவமே நல்லது. பனி உறையும் நாடுகளில், உறையாமல் இருக்க மெத்தனால் என்ற சாராய வகையை அதில் கலப்பார்கள். அது கொடிய விஷம். கொஞ்சம் குடித்தாலும் கண் போகும், உயிரும் போகும். வெயில் நாட்டுக்கு அது தேவையே இல்லை. எந்தத் திரவமானாலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குடிக்கும் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

நீர் ஒட்டாத பூச்சும் இன்று கிடைக்கிறது. அதைத் தடவினால், தாமரை இலைத் தண்ணீர் போல மழைத்துளி உருண்டு திரளும். வண்டி வேகமாக ஓடும்போது காற்றே அதைத் தள்ளிவிடும். கண்ணாடியை நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே பூச வேண்டும். நாளடைவில் அது தேய்ந்து போகும். மறுபடியும் பூச வேண்டும். மெதுவாகப் போகும்போது பட்டைதான் கை கொடுக்கும். ஆகவே பூச்சு இருக்கிறது என்று பழைய, வெடித்த ரப்பரை மாற்றாமல் விடக் கூடாது.

பாதை தெரிந்தால்தான் உயிர் பிழைக்கும். இதை அன்று ஒரு டிராம் வண்டியில் உட்கார்ந்து உணர்ந்தவர் மேரி ஆண்டர்சன். அவருக்குச் செல்வம் சேரவில்லை. ஆனால் மழையில் பத்திரமாக வீடு வந்து சேரும் ஒவ்வொரு குடும்பமும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.