சட்டையில் இன்னும் இருக்கும் கறுப்புக் கோடு

சாயங்காலம் நம்ம உப்பளம் மைதானத்துப் பக்கம் போனா ஒரு காட்சி கட்டாயம் கண்ணுல படும். ஒருத்தன் ஓரத்துல இருந்து பந்தைத் தூக்கிப் போடுவான். இன்னொருத்தன் கோல் போஸ்டுக்கு முதுகைக் காட்டி நின்னு, பின்பக்கமா எகிறி, ரெண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி வீசுவான். பெரும்பாலும் பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்தான். முதுகெல்லாம் மண்ணோட எழுந்து அவன் சிரிப்பான், போன்ல வீடியோ எடுக்கிறவனும் சிரிப்பான்.

நாம இதை பைசைக்கிள் கிக்னு சொல்றோம். ஸ்பானிஷ் பேசுற பல நாடுகளில் இதன் பெயர் சிலேனா. சிலி நாட்டைச் சேர்ந்தது என்று பொருள். இந்த உதையை ஐரோப்பிய மைதானங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு பள்ளி வாத்தியார். பெயர் டேவிட் அரெயானோ. போனவர் உயிரோடு ஊர் திரும்பவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். இந்த உதையைக் கண்டுபிடித்தவர் அரெயானோ இல்லை. சிலியின் துறைமுக ஊரான தல்காவானோவில் 1914-ல் ரமோன் உன்சாகா என்பவர் இதை முதலில் அடித்ததாகச் சிலிக்காரர்கள் சொல்வார்கள். உன்சாகா ஸ்பெயினில் பிறந்து, சிறுவயதில் சிலிக்குக் குடிவந்தவர். பெரு நாட்டுக்காரர்களோ, இது எங்க கயாவோ துறைமுகத்துல பிறந்தது, பேரு சலாக்கான்னு சண்டைக்கு வருவாங்க. அந்தச் சண்டை இன்னும் தீரலை. எப்படியோ, உதை இருந்தது. அதை ஊர் அறியச் செய்ய ஒரு ஆள் தேவைப்பட்டது.

அரெயானோ 1902-ல் சான்டியாகோவில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே, மகயானெஸ் என்ற பெரிய கிளப்பில் முன்வரிசை ஆட்டக்காரராக ஆடினார். ஆட்டத்தில் கெட்டிக்காரர். ஆனால் அவரைப் பெரியவராக்கியது ஆட்டம் மட்டும் இல்லை. 1925-ல் அந்தக் கிளப்பில் இளம் ஆட்டக்காரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு முற்றியது. இளைஞர்கள் கேட்டது எதுவும் நடக்கவில்லை. அரெயானோவும் கூட்டாளிகளும் வெளியேறினார்கள். வேறு ஒரு பெரிய கிளப்பில் போய்ச் சேராமல், அதே வருஷம் ஏப்ரல் 19-ம் தேதி தாங்களே ஒரு கிளப் தொடங்கினார்கள். ஸ்பானியப் படையை எதிர்த்த மபூச்சே பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார்கள்: கோலோ கோலோ. வெள்ளைச் சட்டை, கறுப்பு டவுசர்.

கேப்டன் அரெயானோதான். வகுப்பில் இருந்த ஒழுங்கை மைதானத்துக்கும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை கூடி உதைத்துவிட்டுப் போவது போதாது, முறையாகப் பயிற்சி எடுக்கணும் என்பது அவர் கட்சி. பலன் உடனே தெரிந்தது. முதல் வருஷமே தோல்வி காணாத அணி என்று பெயர் வாங்கினார்கள். அடுத்த வருஷம், 1926-ல், சான்டியாகோவில் தென் அமெரிக்கக் கோப்பை நடந்தது. 7 கோல் போட்டு அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் அரெயானோ. அதில் 4 கோல் பொலிவியாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தது.

இங்கே நம்ம மெக்கானிக்ஸ் பாடத்தைக் கொஞ்சம் இழுத்துக்கலாம். இந்த உதையில் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிவது ஒரு கால்தான். உண்மையில் வேலையைத் தொடங்குவது இன்னொரு கால். உதைக்காத கால் முதலில் மேலே போகும், உடம்பு பின்னால் சாயும். பிறகு அந்தக் கால் கீழே இறங்கும் அதே நேரத்தில் உதைக்கிற கால் மேலே பாயும். காற்றில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், ஒரு கால் இறங்குகிற வேகம்தான் மற்ற காலுக்கு உதவுகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.45 வினாடிதான் ஆகும். அதுக்குள்ள உதைச்சும் முடிக்கணும், கையை ஊன்றித் தலையையும் காப்பாத்திக்கணும். பக்கத்தில் எதிரணி ஆள் இருந்தால் ரெஃப்ரி ஆபத்தான ஆட்டம் என்று விசில் ஊதுவார். அதனால் இது வெறும் தைரியத்தில் வருவதில்லை, பயிற்சியில் வருவது.

1927 தொடக்கத்தில் கோலோ கோலோ ஒரு நீண்ட பயணம் கிளம்பியது. ஈக்வடார், கியூபா, மெக்சிகோ, பிறகு கடல் தாண்டி ஸ்பெயின், போர்ச்சுகல். கிளப் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் எந்தச் சிலி கிளப்பும் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. ஸ்பெயினில் அரெயானோ அந்தரத்தில் தலைகீழாகி உதைத்ததைப் பார்த்தவர்கள், வந்தவர்களின் நாட்டுப் பெயரையே உதைக்கும் சேர்த்துச் சொன்னார்கள்.

மே 2-ம் தேதி வயாதொலித் நகரில் உள்ளூர் அணியோடு ஆட்டம். உயரமாக வந்த பந்துக்கு அரெயானோ தாவினார், எதிரணி ஆட்டக்காரரும் தாவினார். மோதலில் அவருடைய முழங்கால் அரெயானோவின் வயிற்றில் பலமாகப் பட்டது. சிலேனா அடிக்கும்போது நடந்ததில்லை இது. எந்த ஆட்டத்திலும் பத்துத் தடவை நடக்கிற சாதாரணத் தாவல். வெளியே ரத்தம் இல்லை, உள்ளே வயிற்றறையின் சவ்வு அழற்சியாகிவிட்டது. மறுநாள், மே 3-ம் தேதி, இறந்துபோனார். வயது 24. பெனிசிலினை ஃபிளெமிங் கவனித்ததே அடுத்த வருஷம்தான். அந்த நாளில் வயிற்றுக்குள் கிருமி பரவினால் மருத்துவர்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஸ்பெயினிலேயே புதைத்தார்கள். 1929-ல் எச்சங்களைச் சிலிக்குக் கொண்டுவந்தார்கள். தலைவன் போனதும் கலைந்துபோகிற கிளப்புகள் நிறைய. இது கலையவில்லை. இன்று சிலியில் அதிக முறை லீக் பட்டம் வென்றது கோலோ கோலோதான். 1991-ல் கோபா லிபர்டடோரெஸ் வென்றபோது, அதை வென்ற முதல் சிலி கிளப்பும் அதுவே. அவர்களுடைய மைதானத்துக்கு டேவிட் அரெயானோ பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டையில் கிளப் சின்னத்துக்கு மேலே ஒரு சின்னக் கறுப்புக் கோடு இருக்கும். டிசைன்னு நினைச்சுடாதீங்க, அது துக்கக் கோடு. கிட்டத்தட்ட நூறு வருஷமாகியும் அதை எடுக்கவில்லை.

உதையை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம், யூடியூப் இருக்கு. மரியாதை கிடைக்காத இடத்திலிருந்து வெளியே வந்து, தனக்கும் தன் கூட்டாளிகளுக்கும் சேர்த்து ஒரு இடத்தை உண்டாக்குவதுதான் கஷ்டம். அந்த வாத்தியார் அதை 22 வயதில் செய்தார். நம்மில் பலர் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிப் பழகுகிற வயது அது.

கடைசியா ஒரு வேண்டுகோள். உப்பளத்துல அடுத்த தடவை யாராவது எகிறி விழுந்தா, இல்ல வயித்துல இடி வாங்கினா, எழுந்திருடான்னு கத்துறதுக்கு முன்னாடி வீடியோவை நிறுத்திட்டு பக்கத்துல போய்ப் பாருங்க. வலி குறையலைன்னா, வேணாம்னு அவனே சொன்னாலும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.