சுவரைக் கிறுக்கிய பிள்ளைகள்



மாண்டிசோரி பள்ளி என்றதும், கட்டணம் அதிகமுள்ள மழலையர் பள்ளிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பெயருக்குரிய மரியா மாண்டிசோரி அப்பள்ளியைத் தொடங்கியது உரோமையின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில்.

1870-ல் இத்தாலியில் பிறந்த இவர் 1896-ல் மருத்துவரானார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்த சிறுவர்களுக்கு, மருந்தைவிடக் கல்வியே தேவை என்று கண்டார். தொட்டுப் பழகும் கருவிகளால் பயிற்றுவித்தார். அவர்களுள் சிலர் பொதுத் தேர்விலேயே தேறினார்கள்.

1907 சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று, சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றி மாடிப்படிகளில் ஓடி, சுவர்களைக் கிறுக்கிய ஏறக்குறைய 50 பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். கட்டட உரிமையாளர்களுக்குத் தங்கள் சுவரைப் பற்றித்தான் கவலை! மாண்டிசோரி அதையே வாய்ப்பாக்கிக் கொண்டார். கட்டணம் கிடையாது. ஆனால் பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், தாய் வாரம் ஒருமுறையாவது ஆசிரியையிடம் வந்து பேச வேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். பிள்ளைகளின் உயரமும் எடையும் அளந்து குறிக்கப்பட்டன. எதை விரும்பி எடுக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் தொடாத பொருள்களை அவர் அகற்றிவிட்டார், அழகான பொம்மைகளைக்கூட. நான்கைந்து வயதிலேயே பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். அவரது முறையைப் பற்றிய 32 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான அறிக்கையும், படிப்பிலும் பிற திறன்களிலும் அது நற்பயன் தருவதாகவே காட்டியது.

இதே மாண்டிசோரிக்கு ஒரு மகன் உண்டு. திருமணமின்றி 1898-ல் பிறந்த மாரியோவை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளரவிட்டார். ஊரார் பிள்ளைகளை அருகிருந்து கவனித்தவர், தம் பிள்ளையை அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். அக்காலச் சமூகம் அப்படிப்பட்ட தாயை மன்னித்திருக்காது. நம் பங்குகளில் இன்றுமட்டும் மன்னிக்கிறோமா? 1912-ல் மாண்டிசோரியின் தாய் இறந்தபின், பதின்பருவத்தில்தான் மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் வெளியுலகிற்கு அவர் உறவினர், வளர்ப்பு மகன் என்றே அறிமுகமானார்.

1939-ல் இருவரும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய அரசு மாரியோவை முகாமில் அடைத்தது. தாயின் 70-வது பிறந்தநாளுக்கு அவரை விடுவித்தது. பின்னர் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்க வைத்தார்கள்.

1952 மே 6 அன்று ஹாலந்தில் மாண்டிசோரி இறந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது பணியை ஏற்று நடத்தியவர் மாரியோ.