ஏரி காத்த ராமரும் பிளேஸ் துரையும்

மதுராந்தகம் ஏரிக்கரையின் கீழே கோதண்டராமர் கோயில் கொண்டிருக்கிறார். ஊரார் அவருக்கு இட்ட பெயர் ஏரி காத்த ராமர். அக்கோயிலின் தாயார் சந்நிதியில் ஓர் ஆங்கிலேயரின் பெயர் கல்லிலே பொறித்திருக்கிறது. அவர்தாம் லயோனல் பிளேஸ் துரை.

1763-ல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, மாமல்லபுரக் கடற்கரையையும் காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். 1780-ல் ஹைதர் அலியின் படை புகுந்தது. ஊர்கள் பாழாயின, குடிகள் ஓடினர், பஞ்சம் வந்தது. கவனிப்பாரின்றி ஏரிகள் தூர்ந்தன.

1794-ல் பிளேஸ் துரை ஜாகீரின் கலெக்டராக வந்தார். இந்தச் சீமையில் வற்றாத ஆறு ஏது? பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையே வருஷம் முழுவதற்கும் முதல். அதைப் பிடித்து வைக்கும் பாத்திரம் ஏரி. துரைக்கு இது விரைவிலேயே விளங்கிற்று.

அவர் தருமம் செய்ய வந்தவரல்லர். வரி வசூலிக்க வந்தவர். கண்டிப்பானவரும்கூட. பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் அவரோடு மல்லுக்கு நின்றதுண்டு. ஆனால் ஏரியில் நீர் நின்றால்தானே நெல்? நெல் விளைந்தால்தானே வரி? ஆகவே ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். காஞ்சிபுரத்துக் கோயில் நிர்வாகத்திலும் சிரத்தை காட்டினார்.

கிளியாற்று நீரைத் தாங்கும் மதுராந்தகம் ஏரியோ அவரைச் சோதித்தது. பழுது பார்த்த கரை பெருமழையில் உடைந்துகொண்டே இருந்தது. தாயார் சந்நிதி கட்டப் பொருள் கேட்ட ஊராரிடம், கரை பிழைத்தால் தாமே கட்டித் தருவதாகத் துரை வாக்களித்தாராம். 1798-ல் அடைமழை. ஏரி ததும்பியது. நள்ளிரவில் கரைமேல் ஏறிய துரையின் கண்ணுக்கு, வில்லும் அம்புமாக இரண்டு வீரர்கள் காவல் நிற்பது தெரிந்தது என்பது ஊர் வழக்கு. விடிந்தபோது கரை நின்றது. சந்நிதியும் எழுந்தது.

அந்த வருஷமே அவருடைய கலெக்டர் பதவி முடிந்தது. 1799-ல் ஜாகீரைப் பற்றி விரிவான அறிக்கை எழுதி வைத்தார். அரசாங்கத்துக்கு அந்த அறிக்கை. ஜனங்களுக்கு ராமர் கதை.

மழை வரவில்லையே என்பது ஒரு குறை. வந்த மழை நிற்கவில்லையே என்பது அதனினும் பெரிய குறை. முதற்குறையைத் தீர்க்க விஞ்ஞானிகள் முயன்றார்கள். 1946-ல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேபர் விமானத்திலிருந்து உலர்பனிக்கட்டியை மேகத்தில் தூவி வெண்பனி பொழியச் செய்தார். பின்னர் வெள்ளி அயோடைடும் கைகொடுத்தது. தமிழ்நாட்டு அரசும் 1980-களிலும் 1993-94-லும் செயற்கை மழைக்கு முயன்றது. ஆயினும் மேகமில்லாத வானத்தில் தூவிப் பயனில்லை. மேகம் கரைந்து பெய்தாலும் தாங்கிக்கொள்ளக் கீழே ஏரி வேண்டும்.

இரண்டாவது குறைக்கு மருந்து மண்வெட்டியும் கூடையும் விழிப்புமே. ராமர் காத்தார் என்று நம்புகிறவர்களும், கொட்டும் மழையில் துரை கரையேறி நின்றதை மறக்கலாகாது.