சூளையும் கணக்கும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியிலுள்ள பர்சுலம் என்னும் ஊரில், வழிவழியாக மட்பாண்டம் வனைந்துவந்த குடும்பத்தில் 1730ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். தந்தையை இழந்தபோது அவருக்கு அகவை ஒன்பது. படிப்பை விட்டுவிட்டுக் குடும்பத் தொழிற்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். கை தேர்ந்துவந்த நேரத்தில் பெரியம்மை கண்டு, வலக்கால் முட்டி வலுவிழந்தது. அக்காலத்தில் காலால் உதைத்தே சக்கரத்தைச் சுழற்றினர். கால் தளர்ந்த வனைஞருக்குப் பிழைப்பு ஏது? வெட்ஜ்வுட்டோ மண்ணின் கலவையையும் மெருகுப்பூச்சையும் ஆராயத் தொடங்கினார். ஒவ்வொரு சோதனைக்கும் எண்ணிட்டு ஏட்டில் குறித்தார். நோயுற்ற அந்தக் கால் 1768இல், மயக்கமருந்து அறியப்படாத அந்நாளில், வெட்டி எடுக்கப்பட்டது. எஞ்சிய வாழ்நாளெல்லாம் அவருக்கு மரக்காலே துணை.

1759இல் அவர் தனியே தொழில் தொடங்கினார். 1765இல் அரசி சார்லட்டிடமிருந்து தேநீர்க் கலங்களுக்கு ஆணை வந்தது. பின்னர் அவருடைய பாலேட்டு நிறப் பாண்டங்கள் அரசியின் பெயராலேயே விலைபோயின. தேவை பெருகியது; பழைய முறை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தொழிலாளர் விரும்பியபோது வந்தனர். திங்கட்கிழமைகள் மதுக்கடையில் கழிந்தன. திருவிழா நாள்களில் கூடம் வெறிச்சோடியது. பொதிக்குதிரைகள் சுமந்துசென்ற கலங்களுள் பல வழியிலேயே உடைந்தன.

கால்வாய் ஒன்று வெட்டப்பட வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர்களுள் வெட்ஜ்வுட்டும் ஒருவர். அது செல்லவிருந்த வழியிலேயே நிலம் வாங்கி, 1769இல் எட்ரூரியா என்னும் தொழிற்சாலையைத் திறந்தார். 1777இல் ட்ரென்ட்-மெர்சி கால்வாய் முழுமையுற்றபின், கார்ன்வாலின் வெண்களிமண் நீர்வழியே வந்தது. முடிந்த கலங்கள் உடையாமல் துறைமுகம் சேர்ந்தன.

தொழிற்சாலைக்குள்ளும் புதிய ஒழுங்கு பிறந்தது. மண் பிசைபவர், வனைபவர், கடைபவர், பிடி ஒட்டுபவர், மெருகில் தோய்ப்பவர், வண்ணம் தீட்டுபவர் என வேலை பகுக்கப்பட்டது. காலை ஆறு மணிக்குக் கால்மணி நேரம் முன்னரே மணி ஒலித்தது. காலந்தாழ்த்தி வந்தோர் தண்டம் செலுத்தினர். ஒரு கலத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே ஆக்கிய பெருமிதம் இம்முறையில் பலருக்கு இல்லாமற் போயிற்று. அது சிறிய இழப்பன்று. திருவிழா விடுமுறையை மட்டும் அவரால் முற்றிலும் ஒழிக்க முடியவில்லை.

1772இல் நாடெங்கும் கடன் நெருக்கடி எழுந்தது. விற்காத சரக்கு கிடங்கில் குவிந்தது. பிறர் அஞ்சி நின்ற அவ்வேளையில் வெட்ஜ்வுட் ஒவ்வொரு கலத்தின் அடக்கவிலையையும் கணக்கிட அமர்ந்தார். மண்ணுக்கும் விறகுக்கும் நிகரான எரிபொருளான நிலக்கரிக்கும் ஆகும் செலவு ஆக்கத்திற்கேற்பக் கூடிக் குறைந்தது. வாடகையும் அச்சு வார்க்கும் செலவுமோ நூறு செய்தாலும் ஆயிரம் செய்தாலும் ஏறத்தாழ மாறவில்லை. ஆகவே ஒரே வடிவத்தை மிகுதியாகச் செய்தால், கலம் ஒன்றின் மீது விழும் சுமை குறையும். விலையைக் குறைத்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் விற்கலாம். இன்று நிலைச்செலவு, மாறுசெலவு என வணிகவியல் மாணவர் பயில்வதை அவர் தம் தேவையினாலேயே கண்டறிந்தார்.

சூளையின் வெப்பம் மட்டும் அவரது திட்டத்துக்கு அடங்காமல் இருந்தது. சற்று மிகுந்தாலும் ஒரு சூளைச் சரக்கே பாழாகும்; அதுவரை சூளைக்காரரின் கண்ணே அளவுகோல். சூட்டில் களிமண் சுருங்குவதைக் கொண்டு வெப்பத்தை அளக்கும் கருவியை அவர் அமைத்தார். 1783இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது.

அதே ஆண்டில் உணவுப்பொருள் விலை ஏறியது. எட்ரூரியாவில் கால்வாய்ப் படகொன்றை மக்கள் மறித்தனர், படை வந்தது, ஒருவர் தூக்கிலிடப்பட்டார். வெட்ஜ்வுட் இளைஞர்களுக்கு அறிவுரை எழுதி அச்சிட்டார். மணியையும் மண்ணையும் ஒழுங்குபடுத்தியவருக்கு அவர்களின் பசி அத்தனை எளிதில் புலப்படவில்லை போலும்.

1790 சூன் மாதத்தில் அங்கு 278 ஆண்களும் பெண்களும் சிறாரும் பணியாற்றினர். அவர்களுள் இன்ன வேலை என்று வரையறுக்கப்படாதவர் ஐவர் மட்டுமே. 1795 சனவரி 3ஆம் நாள் வெட்ஜ்வுட் எட்ரூரியாவில் காலமானார்.